சாம்பிள் பாட்டிலுக்குள் வந்த கடல்

அன்புள்ள மகன் ஜெரோமுக்கு உன் அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பன் மனது வைத்தால் ஒரு சொட்டு எச்சிலில் இந்தத் தீவையே அக்கரையில் இருக்கும் ஜொகூரோடு ஒட்டிவிடுவான். ஒட்டாததற்குக் காரணம், உனக்கு முன்னால் இன்னொருவர் இதைப் படிக்க வேண்டும். உன் ஆபீசில் மூன்றாம் மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். தமிழ் நன்றாகப் படிப்பார் என்று கேள்வி. என் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினாலும் திருத்துவார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நானே போய் அவர் மேசையில் வைக்கப் போகிறேன். இந்த மாதக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிறார் என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாம். அவர் போய்விட்டால், ஏழு வருஷத்துக்கு முன்னால் உன் ஃபைலில் அவர் எழுதிய அந்த ஒரு வரியை அடிக்க வேறு ஆள் இல்லை. 'இவரை நம்பி வெளிவேலைக்கு அனுப்ப முடியாது' என்ற வரி. அந்த வரியால்தான் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்த நீ ஜன்னல் இல்லாத அறையில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். எழுதியது அவர் கை. எழுத வைத்தது நான்.

சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் சொல்லிவிட வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது தெரியுமா? போன வியாழக்கிழமை உன் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அந்தோனியார் படத்துக்கு மேல் இருந்த ஒட்டடையை அடித்துக்கொண்டிருந்தாள். படத்தடியில் இருக்குமே, பாஸ்கு, அதாவது ஈஸ்டர் திருவிழாவுக்குக் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில், அதைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "இது கல்யாணத்தன்னிக்கு வேணும். கோயிலுக்குப் போறதுக்கு முன்னால புள்ளைக்கு நெத்தியில சிலுவை போட்டு இதைத் தெளிக்கணும். மறுபடியும் ஆட்டுக்குத் தெளிச்சுடாதீங்க" என்றாள். "ஆடெல்லாம் போயி வருஷக்கணக்காச்சே" என்றேன். "அதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு சொல்லில் என் முதுகெலும்பு ஐஸ்கச்சாங்குக்குச் சீவிய ஐஸ் மாதிரி நொறுங்கிப்போனது. அது என்ன ஆடு, என்ன தெளிப்பு என்று ஆபீசர் ஐயாவுக்குப் புரியாது. உனக்கும் பாதிதான் புரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

அந்தக் காலத்தில் நான் ஒரு சக்கரவர்த்தி. போத்தோங் பாசிர் பக்கத்தில், காலாங் ஆற்றில் போய் விழும் ஒரு சின்ன வாய்க்கால் கரையில் என் சாம்ராஜ்யம் இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, பதினெட்டு ஆடுகள், சுல்தான் என்று ஒரு கிடா. சுல்தான் ஒரு தடவை கத்தினால் சுமத்ராவில் படகைத் திருப்பிவிடுவார்கள். தினமும் காலையில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கொட்டகையைக் கழுவுவேன். புழுக்கை, மூத்திரம், பண்டிகை நாட்களில் குடல் அலசிய தண்ணீர், எல்லாம் வாய்க்காலுக்கு. வாய்க்கால் ஆற்றுக்கு. ஆறு அதற்கு மேல் எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. எனக்குக் கீழேயும் பன்றி வளர்க்கிறவர்கள், வாத்து வளர்க்கிறவர்கள். எல்லாரும் சேர்ந்து அந்த ஆற்றுக்கு ஒரு மணம் கொடுத்திருந்தோம். கொசு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகும்.

நீயோ அந்தச் சாம்ராஜ்யத்தின் இளவரசன். ஒன்பது வயதில் நீ நல்லி எலும்பை உறிஞ்சுகிற சத்தத்துக்கு எங்கள் தோ பாயோ புளோக்கில் பதினொன்றாம் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்து பைப் வெடித்துவிட்டதா என்று கேட்டார்கள். உண்மையில் வந்தது ஒருவர்தான், அதுவும் உப்புக் கடன் கேட்க. ஆனாலும் நான் அதை வெடித்த பைப்பாகவே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அப்படி ஒரு பெருமை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, படித்து, வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற வேலைக்குப் போனான். அரசாங்கம் ஆற்றைச் சுத்தம் பண்ணப்போகிறது என்று ஊரே பேசிய நேரம். முதல் வாரம் நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. "தண்ணி ஓடவே இல்லப்பா. கெட்டியா கெடக்கு. கல்லைப் போட்டா உடனே முழுகல" என்றாய். நான் சிரித்தேன். கல்லே முழுகாத ஆறு என்றால் இயேசுவைப் போல நானும் நடக்கலாமே என்றேன். உன் அம்மா என் வாயில் அடிக்காத குறை.

அந்த வருஷம் பாஸ்குவுக்கு முந்திய தவக்காலம் தொடங்கியதும், எங்களைப் போல வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் இல்லாமல், நாற்பது நாளும் கறி வேண்டாம் என்றாய். பக்தி முற்றிவிட்டது, சாமியாராகப் போய்விடுவாய் என்று உன் அம்மா பயந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை உன் பக்கம் தள்ளி, "இன்னைக்குக் கணக்கு இல்லடா, சாப்பிடு" என்றாள். நீ எழுந்துபோய் ஒரு டம்ளர் துவரம்பருப்பை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினாய்.

"இதை மனுஷனே சாப்பிடலாம்ப்பா. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வேளை சாம்பார். இதையே ஆட்டுக்குப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே குவியலிலிருந்து ஒரு சிட்டிகையை விரலால் ஒதுக்கி என் தட்டின் ஓரத்தில் வைத்தாய். "இவ்வளவுதான் கறியா திரும்பி வரும்."

"மிச்சம் எங்க போச்சு?"

"கொஞ்சம் ஆடு மூச்சு விட, நடக்க, சுல்தான் கத்த. பாக்கி உங்க வாய்க்கால்ல."

நான் விடுவேனா? "என் ஆடு என்னடா பருப்பா தின்னுது? தேக்கா மார்க்கெட்டுல ஒடிச்சுப் போடுற கீரைத்தண்டு, சோயா பால் கடையில கொட்டுற சக்கை. நான் அள்ளாட்டி அதெல்லாம் குப்பைக்குத்தான். ஊர்க் குப்பையைக் கறியா மாத்தித் தர்றேன். உங்க ஆபீஸ் எனக்கு மெடல் குத்தணும்."

"உங்க பதினெட்டு ஆட்டுக்கு அது சரி லா. ஒத்துக்கறேன். ஊரு முழுக்கத் திங்குற கறிக்கு அவ்வளவு கீரைத்தண்டுக்கு எங்க போறது? கப்பல்ல ஐஸ் கட்டியா வருதே, அந்த ஆடு மேயுற இடமெல்லாம் முன்னாடி காடா இருந்துச்சு."

"உன் முட்டைக்கோசு மட்டும் நடந்தா வருது? லாரியில புகை விட்டுக்கிட்டு மலேசியாவுலேர்ந்து வருது. இங்க வெளையுற கீரைக்கு என்னடா உரம்? பன்னிச் சாணி. பன்னி இல்லாட்டி உன் சைவம் இல்ல."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். அந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. "அதைத்தானே நானும் சொல்றேன். சாணி செடிக்குப் போனா உரம், ஆத்துக்குப் போனா விஷம். கறியே வேணாம்னு உங்களைச் சொல்லலை. ஒரு குழி வெட்டுங்க. கழுவுற தண்ணி அதுல எறங்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து அள்ளிக்கிட்டுப் போறேன்னிருக்காரு. நானே கேட்டு வச்சிட்டேன்."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைக் கெடுத்தது. நானே கேட்டு வச்சிட்டேன். என் சாம்ராஜ்யத்தின் சாணிக்கு என்னைக் கேட்காமல் ஒப்பந்தம். "உன் பேட்ஜை ஆபீஸ்லயே கழட்டி வச்சிட்டு வாடா" என்றேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "ரெண்டு வாரம் கழிச்சு அந்த வாய்க்காலுக்கு சாம்பிள் எடுக்கணும். அது என்னோட ரூட்டு. எங்க அப்பா கொட்டகைன்னு ஆபீஸ்ல சொன்னா நாளைக்கே வேற ஆள் வந்து எடுத்துடுவான். உங்களுக்கு டைம் கெடைக்கட்டும்னுதான் சொல்லாம இருக்கேன். தப்புதான். அதுக்குள்ள வெட்டிடுங்கப்பா."

ஆபீசர் ஐயா, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். என் மகன் செய்த தப்பு இது ஒன்றுதான். அப்பனுக்கு இரண்டு வாரம் கொடுத்தான்.

அந்த இரண்டு வாரத்தில் நான் என்ன செய்தேன்? மண்வெட்டியை எடுத்துப் பார்த்தேன். திரும்பவும் வைத்தேன். மகன் சொல்லி வெட்டினேன் என்று தோட்டக்காரன் நினைப்பான் என்று தோன்றியது. ஆடுகள்கூட நினைக்கும் என்று தோன்றியது. மகனே, நாளைக்கு உன் வீட்டில், உன் மனைவியோ உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையோ உன்னை ஒரு குழி வெட்டச் சொன்னால், முதலில் வெட்டு. வாதாடுவதற்குப் பிறகு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது. குழி காத்திருக்காது.

சொன்னபடி ஒரு சனிக்கிழமை நீ வந்தாய். சுல்தான் உன்னை அடையாளம் கண்டு வாலாட்டியது. நீ அதைத் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாய்க்காலில் இறங்கிக் குனிந்து, நான் குழாய் பிடித்துக் கழுவிவிட்ட தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் பாட்டிலை முக்கி எடுத்தாய். மூடினாய். டேப் ஒட்டினாய். லேபிளில் உன் பெயரை எழுதினாய். சனிக்கிழமை லேப் மத்தியானமே மூடிவிடுவார்கள் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாய், ரோஸ் சிரப்புக்கும் நெத்திலிச் சம்பலுக்கும் நடுவில். என் சாம்ராஜ்யத்தின் தலையெழுத்து ஒரு பாட்டில் அளவுக்குச் சுருங்கி, பழுப்பு நிறத்தில், என் வீட்டுக் குளிர்ச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. அது லேபுக்குப் போனால் கொட்டகைக்குப் பூட்டு விழும் என்று எனக்குத் தெரியும். பாஸ்குத் திருவிழாவுக்குக் கோயில் ஜனம் பாதி என்னிடம்தான் ஆடு சொல்லிவைத்திருந்தது.

ஞாயிறு காலை நீயும் அம்மாவும் முதல் பூசைக்குக் கிளம்பினீர்கள். எனக்கு வயிற்றுவலி என்றேன். என் வயிறு கல்லைத் தின்று செரிக்கும் வயிறு, அது உனக்கும் தெரியும். ஆனாலும் "சுடுதண்ணி குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். லிஃப்ட் மூடுகிற சத்தம் கேட்டதும் நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். டேப்பை நகத்தால் நோகாமல் உரித்தேன். பாட்டிலை அடுப்படித் தொட்டியில் கவிழ்த்தேன். வீடே கொட்டகையாக நாறியது. இனி குழாயைத் திறந்து நல்ல தண்ணீரைப் பிடித்தால் வேலை முடிந்தது. திறந்தேன். குழாய் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கிவிட்டது.

தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், பத்து மணிவரை தண்ணீர் வராது என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். உலகத்தில் உள்ள நோட்டீஸ்களை எல்லாம் படிக்கிற நீ படித்திருப்பாய். நான் படிக்கவில்லை. குடிக்கிற தண்ணீரில் உன் அம்மா சீரகம் போட்டுக் காய்ச்சியிருந்தாள், தேநீர் நிறம். வாளித் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்துத் துணி ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு பாத்திரத்தில் அரிசி ஊறிய தண்ணீர், பால் மாதிரி. கையில் காலிப் பாட்டிலோடு நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேர்த்து ஊற்றியது. அந்த வேர்வையையே பிடித்திருந்தால் நான்கு சாம்பிள் தேறியிருக்கும். பூசை முடிகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தோனியார் படத்தடியில் அது தெரிந்தது. தெளிவாக, சுத்தமாக, ஒரு பாட்டில் நிறைய, மந்திரித்த தண்ணீர்.

ஊற்றினேன். ஊற்றும்போது சிலுவை போட்டுக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவாயா? போட்டுக்கொண்டேன். பார்க்க ரொம்பவும் பரிசுத்தமாக இருக்கிறதே என்று நடைபாதை ரோஜாத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணும் போட்டுக் குலுக்கினேன். டேப்பைப் பழைய மடிப்பிலேயே ஒட்டினேன். நீங்கள் திரும்பி வந்தபோது நான் போர்வைக்குள் இருந்தேன். சாயங்காலம் உன் அம்மா "தீர்த்தம் எங்கங்க?" என்றாள். "சுல்தானுக்கு உடம்பு சரியில்ல, கொண்டுபோய்த் தெளிச்சேன்" என்றேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்க வேண்டும் என்று கோயிலில் மந்திரித்த உப்பையும் வாங்கிவந்து, கை நிறைய, அவளே அதில் கரைத்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை நீ சீக்கிரமே வீட்டுக்கு வந்தாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாய். "அப்பா, பாட்டிலைத் தொட்டீங்களா?"

"உன் சாக்கடைத் தண்ணிய நான் எதுக்குடா தொடணும்?"

"சாணியே இல்லையாம். ஆனா உப்பு இருக்காம். கடல் தண்ணி கணக்கா. நான் வாய்க்காலுக்கே போகாம ஈஸ்ட் கோஸ்ட் கடக்கரையில மொண்டுக்கிட்டு வந்துட்டேன்னு சொல்றாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எனக்கு அப்போது அது கேட்டது. ஏன் நின்றது என்பது போன வியாழக்கிழமைதான் புரிந்தது.

"லேப்ல மிஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றேன். பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நீ என் முகம் தெரியும்வரை காத்திருந்தாய். நான் இறக்கவில்லை. ஒரே ஒரு சொல், 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால், மறுநாள் காலை இருவருமாகப் போய் அவர் முன்னால் நின்றிருக்கலாம். என் கொட்டகை போயிருக்கும். உன் பெயர் நின்றிருக்கும். நான் செய்யாமல் விட்ட வேலைகளிலேயே சுலபமானது அது.

அடுத்த நாள் ஆபீசர் ஐயா தானே இறங்கி வந்து இரண்டாவது சாம்பிள் எடுத்தார். என் ஆடுகள் தங்கள் கடமையைச் செய்திருந்தன. சாணி இருந்தது, உப்பு இல்லை. அப்படியானால் முதல் பாட்டில் பொய் என்று ஆகிவிட்டது. கொட்டகை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். எழுதப்போனவர் பேனாவை நிறுத்திவிட்டு, பையிலிருந்து உன் பழைய பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்த்தார். நம் வழக்கப்படி உன் பெயருக்குப் பின்னால் 'சன் ஆஃப்' போட்டு என் பெயர் நின்றது. உன் கையெழுத்திலேயே. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுல்தானைப் பார்த்தேன். அப்பனைக் காப்பாற்ற மகன் பொய்த் தண்ணீர் கொடுத்தான் என்று அவர் எழுதியதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அதுதான் நியாயம். நீ ஏன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று மட்டும் அவர் யோசித்திருக்கலாம். எனக்குத் தெரியும். மறுத்துப் பேசினால் என் பக்கம் கை நீள வேண்டியிருக்கும்.

எனக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள், குழி வெட்டச் சொல்லி. வெட்டினேன். ஒன்றரை நாள் ஆனது, ஜெரோம். ஒன்றரை நாள். தோட்டக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார், போகும்போது ஒரு கட்டுக் கீரை கொடுத்தார். நீ சொன்னது அப்படியே நடந்தது, நீ அங்கே இல்லாமல்.

பாஸ்கு ஞாயிறன்று வீட்டில் பிரியாணி. நாற்பது நாள் முடிந்தது என்று உன் அம்மா நல்லி எலும்பாகப் பொறுக்கி உன் தட்டில் வைத்தாள். நீ அதை அப்படியே என் தட்டுக்கு மாற்றிவிட்டு, "எனக்கு வெறும் சோறும் ரசமும் போதும்மா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நமக்குள் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். அந்த எலும்பை நான் உறிஞ்சினேன். சத்தமே வரவில்லை. மறுவாரம் ஜாலான் புசாரில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் தவக்காலம் இன்னும் முடியவில்லை.

பிறகு எல்லாக் கொட்டகைக்கும் நோட்டீஸ் வந்தது. என் ஆடுகளும் போயின. இப்போது தேக்காவில் கறிக்கடையில் நிற்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே, வியாபாரம் படுத்துவிடும். நீ போனதிலிருந்து வாரத்தில் நான்கு நாள் எனக்கும் சுத்தபோசனம்தான். முழுக்க விட முடியவில்லை. நாக்கு எனக்குப் பெரிய எதிர்க்கட்சி. ஆனால் ஒவ்வொரு தடவை கறி வெட்டும்போதும் நீ என் தட்டோரம் ஒதுக்கிவைத்த அந்தச் சிட்டிகைப் பருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சம் என் வாய்க்காலில் போகிறது என்று நீ சொன்னதற்கு நான் நேரான பதில் சொல்லவே இல்லை. லாரி, புகை, பன்றிச் சாணி என்று கண்டதையும் பேசினேன். அதெல்லாம் உண்மைதான். உண்மையை வைத்துக்கூட ஒரு மனிதன் ஒளிந்துகொள்ளலாம். காலாங் பக்கம் இப்போது மீன் துள்ளுகிறதாம். ஒருநாள் பாலத்தில் நின்று ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். உடனே முழுகியது. இதைப் பார்க்க வேண்டியவன் ஃபைல் அறையில் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு, பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணச் சாப்பாடு முழுவதும் சைவமாக இருக்க வேண்டும் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினாய். நான் குதித்த குதியில் கீழ்வீட்டு ஃபேன் கழன்று விழுந்திருக்கும். நம் ஜனத்தில் செத்த வீட்டில்தானே கறி போடமாட்டார்கள், கல்யாணத்தில் சாம்பார் ஊற்றினால் யார் போய்விட்டார்கள் என்று கேட்பார்களே என்றேன். உன் மாமா இன்னும் ஒரு படி மேலே போய், கறி இல்லையென்றால் மொய் எழுதாமல் மாலை வாங்கிக்கொண்டு வருவேன் என்றார். இரண்டு மாதம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். இப்போது சொல்கிறேன், சக்கரவர்த்தியின் கடைசி ஆணை: சைவம்தான். பிஞ்சுப் பலாக்காய் பிரியாணி. சமையல்காரரிடம் சொல்லி முடித்துவிட்டேன். உன் மாமாவிடம் இது புது ரக ஆடு, மரத்தில் காய்க்கும், எலும்பு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். பாதி நம்பிவிட்டார்.

அதைக் கொடுத்து இதைச் சரிக்கட்டுகிறேன் என்று எண்ணாதே. சாப்பாட்டை நீ கேட்டாய், கொடுக்கிறேன். இதை நீ கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்டாய், நான் பேப்பரை உயர்த்திக்கொண்டேன். அதனால் திங்கட்கிழமை கண்ணாடிக் கதவைத் தட்டி, கடிதத்தை வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். அவர் என்ன கேட்டாலும் சொல்வேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவேன். அதற்குப் பிறகு, ஆபீசர் ஐயா, இதை மடித்து ஃபைல் அறையில் இருக்கும் என் மகனிடம் உங்கள் கையாலேயே கொடுங்கள். என் கையால் கொடுத்தால் பாட்டிலை நினைத்துக்கொள்வான்.

சனிக்கிழமை காலை நீ வீட்டுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். இதைப் படித்த பிறகும் வருவாயா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அதைப் பற்றி யாரும் உன்னைக் கேட்காதபடி நான் ஒரு பெரிய பொய் சொல்லிக்கொள்வேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. வந்தால், வாசலில் அந்தப் பாட்டிலோடு நிற்பேன். முதலில் நீ அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார். கரிக்கும். உங்கள் லேப் கண்டுபிடித்த கடல் அதுதான். பிறகு நெற்றியில் சிலுவை போட எனக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். நான் எத்தனை பெரிய சக்கரவர்த்தியாக இருந்தாலும் உயரத்தில் உன் தோளுக்குத்தான் வருவேன். நீ கொஞ்சம் குனிந்தால்தான் என் கை எட்டும்.

உன் பெயருக்குப் பின்னால் நிற்கும்,
அப்பா